அக்காவுக்கு ஒரு ரவிக்கை

அக்காவின் முதுகில் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை. ஆண்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு கொல்லைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிடுவது வழக்கம். அன்று என் கை அவளுடைய வலது அக்குளுக்குக் கீழே வழுக்கி இறங்கியபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. மறுபடி தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. "இன்னாடி, அங்கியே நின்னுட்ட? மேல தேய்" என்றாள். இது என்னக்கா என்று கேட்டேன். "அதுவா? சித்திரையில வந்திச்சு. கேக்காம கொள்ளாம வந்து குந்திக்கினு கீது. வந்த மாதிரியே போவட்டும்னு வுட்டுட்டேன்" என்றாள். அப்போது ஐப்பசி. ஆறு மாதமாக அதை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை டொக்கென்று கீழே வைத்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி, அதாவது ஓரகத்தி. அந்தச் சொல்லைக் கேட்டாலே சண்டைதான் பலருக்கு நினைவு வரும். நாங்களும் போட்டிருக்கிறோம், பெரும்பாலும் ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதில். தாயில்லாத பெண்ணாகப் பதினேழு வயதில் மயிலாப்பூரில் அந்த வீட்டுக்குள் நுழைந்தவள் நான். புடவை இடுப்பில் நிற்காததால் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு வெளியே ஒருவரிடமும் சொல்லாமல், கதவைச் சாத்திக் கொசுவம் வைக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். "வாங்க போங்கன்னு கூப்டாத, யாரையோ கூப்புடற மாதிரி கீது" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். அதனால் இப்போது எழுதும்போதும் அவள் என்றுதான் வருகிறது. அவள் கணவரை நான் மாமா என்பேன். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தை அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

மாமா எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த லேடி டாக்டர் சுற்றி வளைக்காதவர். இது கேன்சர், கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, வலது மார்பையே எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் பிழைத்துவிடுவாளா என்று மாமா கேட்டார். "எடுத்தா என்ன ஆகும்னு உறுதியாச் சொல்ல முடியாது. எடுக்கலைன்னா உறுதியாச் சொல்லலாம்" என்றார் டாக்டர். அக்காதான் வாயைத் திறந்தாள். "ரெண்டுல ஒண்ணை வுட்டு வெக்கறீங்களே டாக்டரம்மா, உங்களுக்குப் பெரிய மனசுதான்." அந்தம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தில் எதையோ எழுத ஆரம்பித்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரிந்தது. மாமா சிரிக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார்.

சேதி பரவியதும் உறவுக்காரர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் கேன்சர் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த வியாதி என்பார்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அழ வந்தவர்களை அக்கா அழவிடவில்லை. யுத்தத்தால் சோப்புக்கு ஊரே அல்லாடுகிற நேரம், எனக்கு இனிமேல் பாதி சோப்பு போதும் என்பாள். எதிர்வீட்டு அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தபடியே எழுந்து போனார். இவளுக்குப் பயமே இல்லையா என்று நானும் நினைத்தேன். நினைத்தது தப்பு.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளன்று மாமா படுக்கை, சொம்பு, தட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முன்னாலேயே டிராமில் போய்விட்டார். அக்காவும் நானும் ஜட்காவில் போனோம். வண்டி ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் திரும்பியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. "சாவறதுக்குப் பயம் இல்லடி. போனா போய்க்கினே இருக்க வேண்டியதுதான்" என்றாள். பிறகு குதிரையையே பார்த்துக்கொண்டு, "பொழச்சி வந்தப்பறம் அந்த மனுசன் என்னைப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினாருன்னா? அதை என்னால தாங்க முடியாது" என்றாள். மாமா அப்படிச் செய்ய மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருபது வயது, அந்த மாதிரி விஷயத்தில் ஆண்கள் எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? பதில் சொல்லாமல் அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே போனேன். அன்று பேசாமல் இருந்ததற்காக இப்போதும் என்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆபரேஷன் மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தது. கழுத்துக்குக் கீழே முழுக்கக் கட்டுப் போட்டு அவளைக் கொண்டுவந்தார்கள். மறுநாள்தான் பேசினாள், அதுவும் நர்சிடம். "எடுத்ததைத் திருப்பிக் குடுக்கறதெல்லாம் வேணாம், நீங்களே வெச்சிக்குங்க." அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க அவளால் முடியவில்லை. நான் வீட்டையும் பார்த்துக்கொண்டு ஒரு வேளைதான் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. ஒரு நாள் சாயங்காலம் வார்டுக்குள் நுழையப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பெண்கள் வார்டு, முப்பது கட்டில். பார்க்க வரும் புருஷன்மார்கள் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிற காலம் அது. இவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிக்கெடுத்து, முடியை மூன்றாகப் பிரித்து, எது எதற்கு மேல் போக வேண்டும் என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி, "நடுவாலதை இந்தாண்ட போடு நைனா" என்று சொல்லிக்கொடுத்தாள். பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அவர் போன பிறகு, பார்த்தாயா, நீதான் வீணாகப் பயந்தாய் என்றேன். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். "இது தலமயிருடி. இது எல்லாரும் பாக்கறதுதானே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் படுக்கையைச் சாமான் அறையில் போட்டுக்கொண்டாள். ராத்திரி வலியில் புரள்வேன், அவர் தூக்கம் கெட வேண்டாம் என்று சொன்னாள். புண் ஆறி, கட்டைப் பிரித்து, தழும்பு மட்டும் மிச்சமான பிறகும் படுக்கை அங்கேயேதான் இருந்தது. அந்தத் தழும்பை வீட்டில் நான் மட்டுந்தான் பார்த்தேன். தோளுக்குக் கீழிருந்து விலா வரைக்கும் குறுக்கே ஓடியது. உள்ளே எலும்பு தெரிகிற மாதிரி தட்டையாக இருந்தது. எனக்கு அருவருப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. புடவைக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுவாள். எங்களிடமெல்லாம் பழையபடி கிண்டலும் கேலியுமாக இருப்பாள், மாமா கூடத்துக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். தட்டைக்கூட ஒருக்களித்து நின்றுதான் வைப்பாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வர மாட்டாள். அவள் அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தாள். ஆனால் அது அப்போது எங்களுக்குத் தெரியாதே. இருக்கிற நாளையும் இப்படி ஒளிந்துகொண்டே கழிக்கப் போகிறாளே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

தை பிறந்ததும் மாம்பலத்தில் அக்காவின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அத்தைக்காரி போகாமல் எப்படி? அவளோ, "நீ போய்ட்டு வா, எனக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லு" என்றாள். எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று நான் ரவிக்கைத் துணி வாங்கி ராயப்பேட்டைக்குத் தைக்க அனுப்பினேன். அங்கே ஒரு பாய்தான் எங்கள் வீட்டுக்கு வழக்கமாகத் தைப்பவர். பெண்கள் தையற்காரர் எதிரே நின்று அளவு கொடுக்கிற பழக்கம் அன்றைக்குக் கிடையாது. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை அளவு ரவிக்கை என்று தனியாக எடுத்து வைத்திருப்போம். புதுத்துணியோடு அது போகும், தைத்ததோடு திரும்பி வரும். அக்காவின் அளவு ரவிக்கை நாவல்பழ நிறம். பல வருஷமாக அதுதான் போய் வந்துகொண்டிருந்தது. அன்றும் கை பழக்கத்தில் அதையே மடித்து வைத்து அனுப்பிவிட்டேன். உடம்பு மாறிவிட்டதே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? மூளை எங்கே போயிற்றோ.

தைத்து வந்ததை அக்கா போட்டுப் பார்த்தாள். இடது பக்கம் சரியாக இருந்தது. வலது பக்கம் காற்றுப் போன பை மாதிரி தொங்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் அறைந்துகொண்டு அழுதேன். அக்காதான் என்னைத் தேற்றினாள். "அழாதடி. அந்தாண்ட ஒரு கொட்டாங்கச்சிய வெச்சிக்கினா தீந்துது. தாலி கட்ற நேரத்துல கழண்டு உருளாம இருந்தா சரி" என்றாள். நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாமான் அறைப் பக்கம் போனால், அரிசி மூட்டைக்குப் பின்னால் அந்த ரவிக்கையோடு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. திரும்பினேன். கூடத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா என்னிடம் வந்து, "அந்த ரவிக்கை எங்கம்மா?" என்று கேட்டார். துவைத்த துணியில் அக்காவின் ரவிக்கை கிடந்தால் அதைத் தாண்டிப் போகிற மனுஷர் அவர். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். தானே பேப்பரில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராம் ஏறப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வரும்போது அதே பொட்டலம் கையில் இருந்தது. அக்காவிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தாள். ரவிக்கையின் உள்ளே வலது பக்கம் மெல்லிய மல் துணியில் ஒரு பை வைத்து, இலவம்பஞ்சு நிரப்பி, கண்ணுக்கே தெரியாத நுணுக்கத் தையலாகக் கையால் போட்டிருந்தது. இன்றைக்கு இதெல்லாம் கடையிலேயே கிடைக்கிறதாம், வியாதியின் பெயரையும் பெண்கள் நிமிர்ந்து நின்று சொல்கிறார்கள். நாங்கள் அன்றுதான் அப்படி ஒன்றை முதல்முதலாகப் பார்த்தோம்.

"யாரு தச்சது?" என்று அக்கா கேட்டாள்.

"பாய் வீட்டம்மா."

"அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன். பாய்கிட்ட, இந்த மாதிரி ஆபரேஷன் ஆயிருக்குன்னு. அவர் உள்ளே போய்ச் சொன்னார்." மாமா நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா திரைக்குப் பின்னாலேர்ந்து கேட்டாங்க, பஞ்சு எவ்வளவு வைக்கணும்னு. துணியோட அளவு தெரியுது, உள்ளே எவ்வளவுன்னு தெரியலைன்னாங்க."

"அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். போகவில்லை, நகர்ந்துகொண்டேன், அவ்வளவுதான். மாமா தன் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குவித்து அக்காவிடம் காட்டினார். "இப்படிக் காட்டினேன். பாய் டேப் வெச்சு அளந்துக்கிட்டார். சிரிக்கலை, பாவம்."

அக்கா ரவிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சால்வை இல்லை. புது ரவிக்கையும் புடவையுமாக மாமாவுக்கு நேர் எதிரே, ஒருக்களிக்காமல், வந்து நின்றாள். கண் முழுக்கத் தண்ணீர். வாய் மட்டும் அடங்கவில்லை.

"கொஞ்சம் பெரிசாத்தான் காட்டிட்டு வந்துட்டீங்க. பாய்கிட்ட இன்னா பெருமை வேண்டிக் கிடக்கு?"

மாமா அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெரிசெல்லாம் இல்லை. இருபத்திரெண்டு வருஷமாச்சு, எனக்குத் தெரியாதா?" என்றார்.

அக்கா சிரித்தாள். நாலு மாதமாக எங்களுக்காகச் சிரித்துக் காட்டிய சிரிப்பு இல்லை அது. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி என்னவென்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். இருட்டியதும் நான் விளக்கேற்ற எண்ணெய் எடுக்கச் சாமான் அறைக்குப் போனபோது, அரிசி மூட்டை இருந்தது, எண்ணெய் டின் இருந்தது, அக்காவின் படுக்கை அங்கே இல்லை.