ஷோகேஸுக்குப் பொருத்தமான நிலம்

மரத்தரை விற்பவனுக்கு மரத்தைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வீட்டில் யாருடைய சொல் எடுபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் சிரிப்பை அடக்கிப் பழகியவர்களே, நீங்கள் என் கட்சி. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் நான் வேலை செய்யும் கடைக்கு ராணி அக்கா குடும்பத்தோடு வந்த கதையைக் கேளுங்கள்.

லண்டன்காரரின் கேள்வி

ராணி அக்கா வீட்டில் கருஞ்சிவப்பில் ஒரு பழைய ஷோகேஸ் இருக்கிறது. மகள் அபி, தன் டேனிஷ் மாப்பிள்ளை வீட்டாரை அதன் முன்னால் உட்கார வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்று ஷோகேஸ் போக வேண்டும், இல்லையென்றால் நிச்சயதார்த்தம் மண்டபத்தில். அக்காவுக்கு இரண்டுமே ஆகாது. பொருத்தமான நிலம், அதாவது மரத்தரை, போட்டால் ஷோகேஸ் தப்பிவிடும் என்று நம்பி வந்திருந்தார்.

கூடவே லண்டனிலிருந்து வந்த அவருடைய தம்பி. மாதிரிப் பலகை ஒன்றைத் தட்டி, "இதென்ன மரம்?" என்றார். "ஆஸ்க்" என்றேன். டேனிஷில் அது மரத்தின் பெயர். மனுசன் அதை ஆங்கிலமாக எடுத்துக்கொண்டு முகம் சிவந்துவிட்டார்.

"கேட்டுக்கொண்டுதானே நிக்கிறன், பிறகேன் கேளெண்டு சொல்லுறீர்?"

அபியின் விருப்பம்

அக்கா ஷோகேஸின் கீழ்த்தட்டுக் கதவைக் கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றிக் காரில் கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொரு மாதிரியின் மேலும் வைத்துப் பார்த்து, கடைசியில் அச்சொட்டாக அதே நிறத்தில் ஒரு வால்நட் மரப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ரெண்டும் ஒரே நிறமெண்டா ஷோகேஸ் இருக்கிறதே தெரியாமப் போகும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

அபி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, டேனிஷில் சொன்னாள்: "அருமை, அதையே போடுங்கள்."

நிச்சயதார்த்தம்

அக்கா அந்த நிமிடமே வால்நட்டைக் கைவிட்டு வெளிர் ஓக்குக்கு மாறினார். போட்டு முடித்ததும் ஷோகேஸ் புது மாப்பிள்ளை மாதிரி எடுப்பாக நின்றது. அபியே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைக்கலாம் என்றாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் நான் போட்ட நிலத்தைக் காணவில்லை. சம்பந்தி வீட்டார் சப்பாத்துக் காலோடு வந்து கீறிவிடுவார்களே என்று, சுவருக்குச் சுவர் கருஞ்சிவப்பில் கார்ப்பெட் விரித்திருந்தார்கள். அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, காதோடு காதாகக் கேட்டார்:

"தம்பி, உண்மையைச் சொல்லும், கார்ப்பெட் ஷோகேஸோட பொருந்துதெல்லோ?"

மரத்துக்கு மரம் பொருத்திக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது; அதை யாராவது பார்ப்பார்கள் என்று எவரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.