கண்ணு ரெண்டு எம்.எம். கம்மி

டிரேசிங் தாளைப் பிளேடு சுரண்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சர்க், சர்க், பிறகு ஒரு ஊது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வரைபடத் திருத்தம் என்றால் அதுதான். சுரண்டிய கோடு போனது போனதுதான். எதை இழந்தோம் என்பதுகூட மறந்துவிடும். இன்றைய கம்ப்யூட்டர் எந்தக் கோட்டையும் மறப்பதில்லை. ஆகவே, மறக்காததில் எது சரி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த நான், கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தின் சின்ன டிசைன் ஆபீஸ் ஒன்றில் அந்த ஆளாக இருந்து நரைத்தேன். நாள் முழுக்கத் தப்பான பைலில் உழைத்துவிட்டு சாயங்காலம் தலையில் கைவைத்த அன்பர்களே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

மூன்று பைனல்

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஓர் ஓடையின் குறுக்கே இரும்பு நடைபாலம் கட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அது நின்றாக வேண்டும். ஊர் சார்பில் வந்த வெள்ளையன் காரணத்தை ஒளிக்கவில்லை. அவர் மருமகளுக்கு ஐப்பசியில் பிரசவம். ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் ரோட்டுக்கு வர வேறு வழி இல்லை.

பாலத்தை வரைந்தவள் பூங்கொடி. மலைக்காரப் பெண், கெட்டிக்காரி. அவள் கம்ப்யூட்டரில் ‘பாலம் பைனல்’, ‘பாலம் பைனல் புதுசு’, ‘பாலம் சாமி சத்தியமா பைனல்’ என்று மூன்று பைல்கள் இருந்தன. அன்றே அவற்றைச் சர்வரில் ஒரே பெயருக்குள் அடக்கினேன். இனி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. ஒருவர் திருத்த எடுத்தால் மற்றவர்களுக்குப் பூட்டு. திரும்ப வைக்கும்போது ஒரு வரிக் குறிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையன் சொன்னார்: “பைனல் எத்தன வேணா வச்சுக்கோங்கம்மா, எங்களுக்குப் பாலம் ஒண்ணு போதுமுங்க.”

மலையேறிய பூட்டு

‘பி’ ஒப்புதலான மறுநாள், இரும்பு வேலை செய்யும் பட்டறைக்காரர் காதர் பாய் வந்தார். பாலத்தின் பக்கச் சட்டம் ஒரே துண்டாகப் பன்னிரண்டு மீட்டர். “எழுபது வளைவும்மா! மூணாவது வளைவுலயே லாரி மாட்டிக்கும்” என்றார். சட்டத்தை இரண்டாக வெட்டி வரைய வேண்டும். பைலோ பூட்டிக் கிடந்தது. பூங்கொடி அதைத் திருத்த எடுத்துக்கொண்டு, லேப்டாப்போடு, கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். போன் கிடைக்கவில்லை.

பூட்டை உடைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. உடைத்தால் அவள் மூன்று நாள் உழைப்பு காற்றோடு போகும். பஸ் பிடித்தேன். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறைமேல் மட்டும் சிக்னல் இருந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறைமேல் குந்தியபடியே சட்டத்தை வெட்டி, அவள் ‘சி’யைச் சர்வருக்கு ஏற்றினாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் அம்மா மோர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “பொண்ணு பாக்கத்தான் வாரீங்கன்னு பலகாரமெல்லாம் சுட்டுப்போட்டனே!”

காற்புள்ளி

ஒரு வாரம் கழித்து காதர் பாய் போன் செய்தார். “பதினாலு எம்.எம். தகடு எடுத்து வச்சாச்சும்மா, மத்தியானம் வெட்டிடறேன்.” எனக்குச் சுருக்கென்றது. பாலத்தைத் தாங்கும் கம்பி வடத்தைத் தூண் உச்சியில் பிடிக்கும் தகடு அது. பதினாறு என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு குறைந்தால் வடத்தின் இழுப்பைத் தாங்குமா என்பதை மழைக்காலம்தான் சொல்லும்.

‘சி’யையும் புதிதாய் வந்த ‘டி’யையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். தகடு மெலிந்திருந்தது, வேறு மாற்றம் எதுவும் இல்லை. ‘டி’யில் செய்யச் சொல்லிப் பூங்கொடிக்கு முதலாளி செல்வராசு எழுதியிருந்த குறிப்பு இதுதான்: ‘கண்ணு ரெண்டு எம்.எம். கம்மி பண்ணு’. வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் முறை, கண்ணுக்குப் பிறகு நிறுத்திப் படித்தேன். விளங்கிவிட்டது. பட்டறைப் பேச்சில் கண்ணு என்றால், வடத்தைத் தகட்டோடு பிணைக்கும் இரும்பு முளை நுழையும் துளை. முளை ஆடுகிறது, துளையைச் சிறிதாக்கு என்று எழுதியிருக்கிறார் முதலாளி. ஆனால் பூங்கொடியை அவர் கூப்பிடுவதே ‘கண்ணு’ என்றுதான். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணி, திறந்திருந்த தகட்டின் கனத்தில் இரண்டைக் குறைத்துவிட்டாள். வெட்டாதீர்கள் என்று நான் போனில் கத்தியதும் காதர் பாய் சொன்னார்: “மிசினு போட்டாச்சு, கை மட்டும்தான் இன்னும் வைக்கலம்மா.”

பின்னால் போவது எப்படி

செல்வராசு பதறினார். “எல்லாத்தையும் ‘பி’க்குத் திருப்புங்க. அதுதானே ஒப்புதலானது!” நான் முடியாது என்றேன். அத்தனை வருடத்தில் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. ‘பி’க்குப் போனால் தகடு சரியாகும், சட்டம் மறுபடி பன்னிரண்டு மீட்டராகி, மலையேறாது. தகட்டை மட்டும் ‘சி’க்குக் கொண்டுபோய், துளையைச் சிறிதாக்கி, ‘இ’ என்று புது எழுத்துக் கொடுத்தோம். முழுப் பாலத்தின் வரைபடம் அப்போதும் பழைய ‘டி’ தகட்டையே காட்டிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். பட்டறைக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த ‘டி’ தாளை என் கையால் கிழித்தேன்.

பூங்கொடி பின்னாலேயே வந்தாள். “‘டி’ய அழிச்சிடுங்க மேடம். அது இருந்தா என் பேரும் அங்கயே இருக்கும்.” அழிக்கவில்லை. அழித்துப் பழகிய கை என்பதால் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ‘பயன்படுத்தாதே’ என்று அதன்மேல் குறித்து, கீழே எழுதினேன்: ‘குறிப்பில் ஒரு காற்புள்ளிக் குழப்பம். தவறு எழுதியவருடையது, வரைந்தவளுடையது அல்ல.’ செல்வராசு அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒப்புதல் தந்துவிட்டுச் சொன்னார்: “தமிழ் படிச்சவங்கள வேலைக்கு வச்சது என் தப்புங்க.”

ஓடையின் மேல்

புரட்டாசிக் கடைசியில் பாலம் நின்றது. மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் முழுக்கச் சோதித்தோம். தகடு அசையவில்லை, முளை ஆடவில்லை. முதலில் யார் நடப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு அக்கரைவரை போய்த் திரும்பினாள். எனக்கு இல்லாத மகளின் நடை இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. காதர் பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வெள்ளையன் நடுப்பாலத்தில் நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “ஆடலீங்கம்மா! என் காலுதான் ஆடுது!”

அவர் மருமகள் ஐப்பசி வெள்ளத்தின்போது அந்தப் பாலத்தைக் கடந்து வந்து சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள். பாலம் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து எழுத்தோடு நின்றுவிட்டது, குழந்தைக்கு மட்டும் இதுவரை மூன்று முறை பெயர் மாற்றியிருக்கிறார்கள்.