மரிசெல் கேட்ட தண்ணீர்

சாந்தோமில் கடலுக்குப் போகிற சந்து ஒன்றில், தேசம்மா வீட்டு மாடி அறையில் மரிசெல் குடியிருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி. வயது முப்பத்தெட்டு. தி.நகரில் ஓர் அழகு நிலையத்தில் பெண்களின் கால்களைக் கழுவி, நகம் வெட்டி, பாலிஷ் போடுவது வேலை. தெருவில் சிலர் நேபாளி என்பார்கள், சிலர் மணிப்பூரி என்பார்கள். முதல் வருஷம் முழுக்கத் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இந்த ஊர் அவளுக்குச் சுலபத்தில் பிடிபடவில்லை. அவள் ஊரில் புருவத்தை உயர்த்தினால் ‘ஆமாம்’ என்று அர்த்தம். இங்கே அதைச் செய்தால், எதிரில் இருப்பவர் மறுபடியும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டியதை ‘வேண்டாம்’ என்று நினைத்து, அவர் விரும்பிய பாலிஷையே இரண்டு தடவை எடுத்து உள்ளே வைத்தாள். மயிலாப்பூரிலிருந்து வரும் வயதான மாமிகள் அவள் கை பட்டதும் காலை இழுத்துக்கொண்டு, கையோடு “க்ஷேமமா இரு” என்று ஆசீர்வாதமும் செய்தார்கள். ஆசீர்வாதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. “தேங்க் யூ மேடம்” என்பாள்.

தேசம்மா வீட்டில்தான் மூச்சு விட முடிந்தது. தேசம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. கடற்கரைச் சாலையில் மீன் விற்கிறவள். மரிசெல் என்ற பெயர் வாயில் நுழையாமல் ‘மேரி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் மரிசெல் தன் ஊர் முறையில் புளி கரைத்து மீன் கொதிக்கவைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். தேசம்மா உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “ரசத்துல மீன் வுயிந்த மாதிரி கீது. நல்லாத்தான் கீது, போ” என்றாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் இருவரும் கீழ்வீட்டில் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள்.

ஊரில் அக்காள் வீட்டில் வளரும் மகள் லியானுக்கு இதெல்லாம் தெரியாது. மரிசெல் சென்னைக்கு வந்தது ஒரு பெரிய ஹோட்டலின் ஸ்பா பிரிவில் பயிற்சியாளர் வேலைக்கு. ஐந்தே மாதத்தில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். திரும்பிப் போனால் அக்கம்பக்கம் என்ன கேட்கும் என்று நினைத்தபோதே அவளுக்குக் காது சுட்டது. கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்கு மட்டும் ஹோட்டல் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், மின்சாரம் இல்லாமல் மாடி அறை கொதித்தது. இன்வெர்ட்டர் ஓடும் கீழ்வீட்டுக் கூடத்தில் மரிசெல் உட்கார்ந்திருந்தாள். புதிதாக டைல்ஸ் போட்ட கூடம். லியான் வீடியோவில் வந்தாள். பக்கத்தில் அவளுடைய பள்ளித் தோழிகள் நாலு பேர்.

“அம்மா, வீடு இவ்வளவு பெரிசா! பின்னால யாரு அது?”

பின்னால் தேசம்மா தரையில் குந்தி சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். தோழிகளின் முகங்கள் திரையில் நெருங்கின. மரிசெல் தன் மொழியில் சொன்னாள்: “அதுவா? எங்க வீட்டு கதுலோங்.” வேலைக்காரி என்று அர்த்தம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு தோழி நம்பாதவள் மாதிரி சிரிக்கவும், மரிசெல் தேசம்மா பக்கம் திரும்பி, குடிப்பது போல் விரலை வாயருகே காட்டினாள்.

தேசம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். திரையில் கைதட்டினார்கள். மரிசெல் குடித்தாள்.

மறுநாள் காலை கீழே இருந்து குரல் வந்தது. “மேடம், தண்ணி லாரி வந்துகீது.”

வேறு யாரையோ என்று நினைத்தாள். அடுத்த நாளும் “மேடம்”. குழம்பு வழக்கம்போல வந்தது. தேசம்மா அதை மாடிப்படியில் மூடி வைத்துவிட்டு, “மேடம், சாப்பாடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்றாம் நாள் மரிசெல் கீழே இறங்கி வந்தாள்.

“அக்கா, ஏன் மேடம்? நான் மேரி.”

தேசம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “குவைத்துல ஒரு வூட்ல பதினோரு வருசம் வேலை செஞ்சேன். கூட உங்க ஊருக்காரி ஒருத்தி, ஜோஸி. நாங்க ரெண்டு பேரும் யாருன்னு அவதான் ஒரே வார்த்தைல சொல்லிக் குடுத்தா. கதுலோங்.”

மரிசெல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் வூட்ல ஆஸ்பத்திரி வேலைன்னுதான் சொன்னேன்,” என்றாள் தேசம்மா. “பொய் சொல்றது தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா இன்னொருத்திய கைகாட்டி வேலக்காரின்னு சொல்லல.”

“தெரிஞ்சும் தண்ணி குடுத்தீங்க.”

“புள்ளைங்க பாத்துகினு இருந்திச்சே. என்ன இன்னா பண்ணச் சொல்ற?”

திட்டியிருந்தால் தேவலாம் என்று மரிசெல்லுக்கு இருந்தது. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தேசம்மாவின் கைகளை மட்டும் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அவளே லியானைக் கூப்பிட்டாள். தேசம்மாவின் பக்கம் போனைத் திருப்பி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீடு இவர்களுடையது. நான் மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். ஹோட்டல் வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது. கால் கழுவுகிறேன். அன்றைக்குச் சொன்னது பொய்.

திரை இருண்டது.

“கட் பண்ணிட்டாளா?” என்றாள் தேசம்மா. “எனுக்காவ இத பண்ணியா? நான் கேக்கலியே.” கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் தட்டு இரண்டு எடுத்து வைத்தாள்.

ஒன்பது நாள் லியான் போன் எடுக்கவில்லை. பத்தாம் நாள், மரிசெல் பனகல் பார்க்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு செய்தி வந்தது. “பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நீ ஹோட்டலில்தான் இருக்கிறாய். தயவுசெய்து நீயும் சொல்லாதே.” தன் வெட்கத்தை மகள் அப்படியே எடுத்து உடுத்திக்கொண்டதை அவள் நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தாள். இரண்டு பஸ் போய்விட்டன.

வீட்டுக்கு வந்து தேசம்மாவிடம் அதைச் சொன்னாள். தேசம்மா வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எம் பையன் அஜித்குமாரு சைதாப்பேட்டைல ஆபீஸ் வேலைல கீறான். இன்னி வரைக்கும் அவன் எங்கம்மா குவைத்து ஆஸ்பத்திரில இருந்தாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறான். வர்றப்போ வாயத் தொறந்துடாத, மேரி.”

மரிசெல் புருவத்தை உயர்த்தினாள். பிறகு, அது இங்கே போதாது என்று நினைவு வந்து, “சொல்ல மாட்டேன், அக்கா” என்றாள்.