வாயுதான் என்று சொன்னேன்

எங்கள் ஐயப்பன்தாங்கல் குடியிருப்பில் எல்லோரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் அது. நான் ஊசி போட்டதெல்லாம் எலிகளுக்குத்தான். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, கீழே வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கோ கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம்.

"மேல்வயிறு புடிச்சிகினு முதுகு வரிக்கும் இழுக்குது டாக்டரம்மா. இன்னான்னே தெர்ல."

முந்தின நாள் கல்யாண பிரியாணி சாப்பிட்டாராம். கூடவே குடித்தும் இருப்பார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். வாயுதான் அண்ணே, சோடா குடியுங்கள் என்று சொல்லி, துணிப்பையை வண்டியில் வைத்துவிட்டுப் போனேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அன்று பகல் முழுக்க நான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தது திடீர்க் கணைய அழற்சி வந்த எலியின் கணையம். வலி முதுகுக்குப் பாயும் என்று என் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியவள் நான். அந்த நோயில் செல்கள் முக்கியமாக இரண்டு விதமாகச் சாகும். ஒரு வகை தன்னைத் தானே மடித்துச் சுருக்கிக்கொண்டு அடங்கும். வாடகை வீட்டைப் பெருக்கி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை. இன்னொரு வகை வெடித்துச் சாகும். உள்ளே இருக்கும் செரிமான நீர் கொட்டி, சுற்றியிருப்பதையும் அரிக்கும். முதல் வகை மிகுந்தால் பெரும்பாலும் நோய் லேசாகக் கடந்துபோகும். இரண்டாவது மிகுந்தால் ஆளையே சாய்த்துவிடும். எது எத்தனை என்று எண்ணுவதுதான் என் வேலை.

மூன்றாம் நாள் அவர் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பைக் கல் இறங்கிக் கணையக் குழாயின் வாயை அடைத்திருந்தது. குடிப்பழக்கம் அவருக்குக் கிடையவே கிடையாது. ஸ்கேன் அறிக்கையை அவர் மனைவி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கணையத்தில் பாதி செத்துப்போயிருந்தது.

"நான் அன்னிக்கே இட்டுகினு போறன்னேன். டாக்டரே வாயுன்னு சொல்லிக்கீறாங்கன்னு இவருதான் வர்ல" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆள் பிழைத்துக்கொண்டார். பல வாரம் கழித்துப் பாதி உடம்பாக வீடு திரும்பினார். சர்க்கரையும் வந்துவிட்டது, தினமும் இன்சுலின். இப்போது இஸ்திரி போடுவது மனைவிதான். நான் துணி வாங்கப் போன ஒரு நாள், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

"அன்னிக்கே போயிருந்தா இவ்ளோ ஆயிருக்காதா, டாக்டரம்மா?"

முதல் நாளே நரம்பில் நீர் ஏற்றியிருந்தால் கொஞ்சம் செல்களாவது தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது அண்ணே என்றேன். அறிவியல்படி அது பொய்யில்லை. ஆனால் நான் அதை அறிவியலுக்காகச் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. "நாந்தான் ஆஸ்பத்திரிக்கு பயந்துகினு லேட்டு பண்ட்டேன்னு இத்தினி நாளா மனசு அடிச்சிகினே இருந்துது. இப்பதான் நிம்மதி" என்று என்னைக் கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, துணியை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.