வெயிலில் வைத்த எண்ணெய்ப் புட்டி

பள்ளிப்படிப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள்.

பர்மாவின் யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் நிற்கிறேன். மார்கழிக் குளிர். மனசு கோத்தகிரியில், எஸ்டேட் காவலனான தம்பியிடம் இருக்கிறது. குளிரில் அவன் துப்பாக்கியில் முதல் தோட்டா வெடிக்கிறது, அடுத்தது தானாக ஏறாமல் சிக்கிக்கொள்கிறது. இந்த வாரம் சரியாகாவிட்டால் வேலை போய்விடும்.

கடைக்காரத் தமிழ்ப் பெண் மா செல்வி (இங்கே பெண்கள் பெயருக்கு முன் மரியாதைக்கு 'மா' சேர்ப்பார்கள்), வெள்ளையாக உறைந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்கிறார். நான் அதையே பார்க்கிறேன்.

"முறைச்சா உருகாது அண்ணே, வெயில் ஏறணும்."

சட்டென்று தம்பியைப் போனில் கூப்பிடுகிறேன். "துப்பாக்கிக்கு என்ன எண்ணெய்டா போடுற?"

"வீட்டுத் தேங்காய் எண்ணெய்தான். ஏண்ணே?"

"மடையா, அது உள்ளே உறைஞ்சு கிடக்கும்டா! தோட்டாவை எடுத்துட்டு, மண்ணெண்ணெயில துடைச்சு, துப்பாக்கி எண்ணெய் லேசா போடு."

"அவர் மண்டைக்கும் கொஞ்சம் தடவச் சொல்லுங்க" என்கிறார் மா செல்வி. கூச்சத்தை மறந்து சத்தமாகச் சிரிக்கிறேன்.

மறுநாள் துப்பாக்கி சிக்காமல் சுட்டது, தம்பியின் வேலையும் தப்பியது. நான் தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.