மாமியார் என்ற சோப்புப் பெட்டி

எங்கள் தொழிற்சாலைக்கு லேசர் வெட்டு இயந்திரம் வந்த நாளில், கணக்குப் பிரிவு முதல் காவலாளி வரை அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடினோம். பச்சையாகவோ நீலமாகவோ ஒரு கதிர் பாய்ந்து இரும்பை இரண்டாகப் பிளக்கும் என்று எதிர்பார்ப்பு. ஒரு மண்ணும் தெரியவில்லை. வெட்டுகிற கதிர் கண்ணுக்கே தெரியாத ரகமாம். தகட்டுக்கு அடியில் கொஞ்சம் பொறி பறந்தது, அலமாரிக் கதவுக்கான தகடு ஒன்று வெட்டுப்பட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

“இதுக்கா இவ்வளவு பில்டப்பு?” என்று கேட்டுவிட்டுக் காவலாளி வாசலுக்கு நடையைக் கட்டினார். அறிவியல் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

அந்த இயந்திரத்தை ஓட்டியவர்தான் எங்கள் கண்ணாடி அக்கா. அவர் கண்ணாடி போட்டவர் அல்ல. கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுதவர். கதிரைக் குவிக்கும் லென்ஸுக்குக் கீழே, அதைக் காப்பாற்ற நாணயம் அளவில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். கதிர் பட்டுத் தூசி சூடாகும், கண்ணாடி விரிசல் விடும், மேலே இருக்கும் லென்ஸும் கூடவே போய்விடும். புது லென்ஸ் கடல் தாண்டி வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். மேலாளர் தூங்க மாட்டார்.

ஒரே வருடத்தில் மூன்று லென்ஸ் போயின. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

“இன்னொண்ணு போச்சுன்னா நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா. அங்க உடைய ஒண்ணும் இல்ல. அட்டைப்பெட்டிதான்.”

பேக்கிங்கில் நாள் முழுக்க டேப் ஒட்ட வேண்டும். அக்காவுக்கு அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே தகட்டின் கனத்தைச் சொல்லக் கற்றிருந்தார். அதை விட்டுப் போவது, பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

அக்காவின் கண்டுபிடிப்பு பேருந்தில் நடந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்தபோது, நேரே பார்த்தால் சுத்தமாக இருந்த ஜன்னல் கண்ணாடி, பக்கவாட்டில் பார்க்கையில் பளபளவென்று மின்னியது: தலை சாய்த்துத் தூங்கிய பயணிகள் விட்டுப்போன எண்ணெய். ஆக, சுத்தமான கண்ணாடி ஒளியை நேரே அனுப்பிவிடும். அழுக்குக் கண்ணாடி பக்கத்தில் சிதறடிக்கும். உலகில் எத்தனையோ பேர் அந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் செய்தது, இருக்கையை மாற்றிக்கொண்டதுதான்.

இயந்திரத்தில், எங்கே வெட்டப்போகிறது என்று காட்ட ஒரு சிவப்பு ஒளி உண்டு. அதுவும் அந்த வட்டக் கண்ணாடி வழியாகத்தான் போகும். இருட்டினால் தானே எரியும் பழைய வாசல் விளக்கு ஒன்றிலிருந்து, வெளிச்சம் பட்டால் உணரும் பொட்டு ஒன்றைப் பிடுங்கினார் அக்கா. அதைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தார். அழுக்குச் சேர்ந்து சிவப்பு பக்கவாட்டில் சிதறினால், பொட்டு உணரும், பஸ்ஸர் அலறும். பேட்டரியும் பஸ்ஸரும் ஒரு சோப்புப் பெட்டிக்குள் குடியேறின.

அது கண்ணுக்குத் தெரியாத தூசிக்கெல்லாம் ஊரைக் கூட்டியது. ஒரே வாரத்தில் நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டோம்.

“எங்க அம்மாவையா சொல்றீங்க?” என்று ஸ்டோர்காரர் மட்டும் சண்டைக்கு வந்தார். அவர் அக்காவின் கணவர். உதிரிப் பாகங்களைக் காத்துக் கொடுப்பவர்.

“உங்கம்மா இதவிட சத்தங்க,” என்றார் அக்கா.

மாமியாரை நிரந்தரமாக இயந்திரத்தில் பொருத்தலாமா என்று பார்க்க, மேலாளர் ஒரு சோதனை நாள் குறித்தார். சீல் பிரிக்காத புதுக் கண்ணாடியைப் போட்டால் பெட்டி வாய் திறக்கக்கூடாது. அழுக்குக் கண்ணாடியைப் போட்டால் கத்த வேண்டும். தவறினால் பெட்டி குப்பைக்கு, அக்கா பேக்கிங்குக்கு.

சோதனை அன்று ஸ்டோரிலிருந்து புதுக் கண்ணாடி வந்தது. அக்கா பொருத்தினார். சிவப்பு ஒளியைப் போட்டார்.

மாமியார் வீல் என்று அலறினார்.

“புதுக் கண்ணாடிங்க இது!” மேலாளர் முகத்தில் தீபம் ஏற்றியது போல் ஒரு வெளிச்சம். “இதுக்கே கத்துதே!”

அக்கா கண்ணாடியை உருவி டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதில் வட்ட வட்டமாகத் துடைத்த தடம். இருபது வருடமாகப் பார்த்த வட்டம். வீட்டுக் கடிகாரத்தில், டிவி திரையில், கணவரின் மூக்குக் கண்ணாடியில், அவர் துடைத்த இடமெங்கும் அதே வட்டம்.

அக்கா கண்ணாடியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். சீல் வைத்த பொட்டலத்தை அனுமதியில்லாமல் பிரித்தவரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது மேலாளரின் சட்டம்.

“சார், இன்னொரு புதுசு போட்டுப் பாக்கலாமா?”

“எத்தன புதுசும்மா போடுவீங்க? எழுதிக்கலாமா, தோல்வின்னு?”

அவர் பேனாவைத் திறந்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

“எழுதாதீங்க சார்,” என்றார் ஸ்டோர்காரர். “காலைல நான்தான் பொட்டலத்தப் பிரிச்சேன். பிரிச்சு, மூச்சு விட்டேன்.”

“எங்க விட்டீங்க?”

“கண்ணாடி மேலதான் சார். ஹா... ன்னு. அப்புறம் சட்ட நுனியால தொடச்சு, திரும்ப ஒட்டி வெச்சேன். இவளுக்கு முக்கியமான நாளாச்சே, பளிச்சுனு இருக்கட்டுமேன்னு...”

நாங்கள் சிரித்த சிரிப்பில் தகடுகள் அதிர்ந்தன. அந்தச் சட்டை நுனியில் கிரீஸ், வியர்வை, மதியச் சாப்பாடு என்று எல்லாத் துறைகளும் இருந்தன.

“அறிவிருக்காங்க உங்களுக்கு?” என்றார் அக்கா. திட்டுகிற குரல்தான், கண் மட்டும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு பொட்டலம் எல்லோர் கண்முன்னும் பிரிக்கப்பட்டது. சிவப்பு ஒளி எரிந்தது. மாமியார் அமைதி. அப்படியோர் அமைதியை எங்கள் கூடத்தில் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

மேலாளர் அறிக்கையை நான்கு பிரதிகளில் எழுதினார். அழுக்குக்குக் காரணம் என்ற கட்டத்தில்: ‘கணவரின் மூச்சு.’ முடிவு என்ற கட்டத்தில்: ‘கருவி கண்டுபிடித்தது.’ கீழே முத்திரை. ஸ்டோர்காரருக்கு மூன்று நாள் நிறுத்தம், சட்டம் சட்டம்தான்.

இப்போது வரும் இயந்திரங்களில் இந்த ஏற்பாடெல்லாம் உள்ளேயே இருக்கிறது. கண்ணாடி அழுக்கானால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மரியாதையாக மஞ்சளாகும். கத்தாது, மானத்தை வாங்காது. அந்தப் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது ஏங்குகிறது.

சோதனை நாள் மாலை அக்காவும் கணவரும் பேருந்துக்கு நின்றார்கள். அக்கா மறுநாளும் இயந்திரத்துக்கு, கணவர் வீட்டோடு.

“மூணு நாளும் என்ன பண்ணப் போறீங்க?”

“சும்மா இருப்பேனா? வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாத்தையும் தொடச்சு வைக்கிறேன்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தயவுசெஞ்சு தூங்குங்க,” என்றார்.