நீலம் இறங்காத அட்டை

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அவசரம்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பதிலைச் சொல்லிவிடுவாள். தேநீரை ஆறவிட்டுக் குடித்ததாகச் சரித்திரமே இல்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு, வாயருகே கையால் விசிறியபடியே அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, எதையும் பொறுத்திருந்து பார்த்த பிறகே நம்புகிற வேலை.

மாத்திரைக்கு அட்டை வடிவமைப்பது அவள் பொறுப்பு. சூடாக்கிய பிளாஸ்டிக் தாளில் குழிகள் விழும், குழிக்கு ஒரு மாத்திரை விழும், மேலே மெல்லிய அலுமினியத் தாள் வந்து ஒட்டிக்கொள்ளும். கடகடவென்று அட்டைகள் வெட்டப்பட்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு அவள் செய்த பச்சை நிற அட்டை கடைகளில் தனியாகத் தெரியும். உறவுக்காரர் வீட்டில் அதைக் கண்டால், “இது நான் பண்ணது” என்று சொல்லாமல் வரமாட்டாள்.

அவள் கணவர் நகரத்துக் குப்பையைத் தரம் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஊழியர்களின் குடும்பங்களை நிலையத்துக்கு அழைத்துக் காட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அவளும் தலையில் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். ராட்சத உருளைகள் சுழன்றன. ஓடும் பட்டைகளில் புட்டிகளும் டப்பாக்களும் ஆற்று வெள்ளத்தில் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “இது என்ன? அது எங்க போகுது? ஐயோ, அதைப் பாருங்க!” என்று கத்திக்கொண்டே நடந்தவள், கடைசியில் ஒரு குவியலின் முன்னால் நின்றுவிட்டாள். குவியலில் ஆங்காங்கே பச்சை நிறம்.

“இது என்னோடதுங்க!” என்று குனிந்து ஓர் அட்டையை எடுத்தாள்.

“தெரியும்மா. தினமும் வருது.”

“இதை என்ன பண்ணுவீங்க?”

“எரிக்க அனுப்புவோம். இல்லேன்னா குழி தோண்டிப் புதைப்பாங்க.”

“எதுக்கு? பிளாஸ்டிக் இருக்கு, அலுமினியம் இருக்கு. ரெண்டும் நல்ல சரக்குதானே?”

“தனித்தனியா இருந்தா நல்ல சரக்கு. நீதான் ரெண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டி வச்சிருக்கியே! யாரு உக்காந்து உரிக்கிறது, எங்கப்பாவா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “இத்தனை வருஷத்துல இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையே!”

“சொல்ல ஆரம்பிச்சா நீ எங்க கேக்கறே? பாதியிலேயே பதில் சொல்லிட்டுப் போயிடறே.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. கணவருக்குப் பயமாகிவிட்டது. தப்பாகப் பேசிவிட்டோமோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வாசற்கதவைத் திறக்கும்போதுதான் அவள் வெடித்தாள். “ரெண்டு பொருளா இருந்தாத்தானே பிரிக்கணும்? அடியும் மூடியும் ஒரே பிளாஸ்டிக்கா இருந்தா? சாப்பாட்டு டப்பா பண்றாங்களே, அதே பிளாஸ்டிக்! அதை நீங்க எடுத்துப்பீங்கதானே?”

“எடுத்துப்போம். அதுக்கு நல்ல கிராக்கி.”

அதற்கப்புறம் அவளை யார் பிடித்து நிறுத்த முடியும்?

தரப் பிரிவின் தலைவியை எல்லாரும் மேடம் என்றே அழைப்பார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் தொழிற்சாலையை விட்டு ஒரு மாத்திரைகூட வெளியே போகாது. மறுநாள் காலை அவர் கைப்பையை மேசையில் வைப்பதற்கு முன்பே இவள் கதவருகே நின்றாள்.

“என்ன அவசரம், இன்னிக்கு என்ன அவசரம்?” என்றார் மேடம்.

இவள் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். மேடம் முழுக்கக் கேட்டார். “யோசனை நல்லா இருக்கு. வெளிநாட்டுல சில கம்பெனிங்க ஆரம்பிச்சிருக்காங்கன்னு நானும் படிச்சேன். ஆனா ஒண்ணு. நாம அட்டை விக்கலை, மருந்து விக்கறோம். அலுமினியம் ஈரத்தை உள்ள விடாது. உன்னோட பிளாஸ்டிக் விட்டா மாத்திரை கெடும். அப்புறம் நோயாளிக்கு யார் பதில் சொல்றது?”

“ஈரத்துக்குப் பெருசா அசைஞ்சு கொடுக்காத மாத்திரையா ஒண்ணு எடுத்துக்கலாம் மேடம். ரத்தக் கொதிப்பு மாத்திரை. எல்லா டெஸ்ட்டும் வைங்க. ஒண்ணுல தோத்தாலும் நானே நிறுத்திடறேன்.”

“நீயா நிறுத்துவே?” என்று சிரித்த மேடம், சனிக்கிழமைகளில் ஓர் இயந்திரத்தை அவளுக்கு ஒதுக்கினார்.

அந்த இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்பவர் மெக்கானிக். அதன் சத்தத்தில் லேசான மாறுதல் இருந்தாலும் அவருக்கு முகம் வாடிவிடும். புதிய பிளாஸ்டிக் சுருள் வந்து இறங்கியதும் விரலால் தடவிப் பார்த்தார். “தங்கச்சி, இது அடங்காப்பிடாரி. கொஞ்சம் சூடு குறைஞ்சா குழி விழாது. கொஞ்சம் கூடினா உருகி ஒழுகும். என் மெஷினைப் பாழாக்கிடாதே.”

அவர் பயந்தது நியாயம்தான். முதல் சனிக்கிழமை, குழிகள் கிழிந்தன. அடுத்த சனிக்கிழமை, குழிகள் அழகாக விழுந்து அட்டை வெளியே வந்தது. அவள் கைதட்டி முடிப்பதற்குள் அது வெயிலில் காய்ந்த இலைபோலச் சுருண்டுகொண்டது. மேசையில் வைத்தால் கவிழ்ந்து ஆடியது. பெட்டிக்குள் எப்படி அடுக்குவது? வேகத்தைக் குறைத்தார்கள், சூட்டை மாற்றினார்கள், மறுபடி மறுபடி சுருண்டது.

“சூடு பிரச்சினை இல்லை அண்ணே! ஆறும்போதுதான் சுருங்குது! இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஆற வைக்கணும்!” என்று ஒரு மதியம் அவள் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தினாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வந்தார். அவர் கண்ணிலும் ஏதோ பற்றிக்கொண்டது. “இங்கே ரெண்டு தகடு. உள்ள குளிர்ந்த தண்ணி ஓடணும். அட்டை வெட்டறதுக்கு முன்னாடி நடுவுல அமுக்கிப் பிடிச்சா...”

“அண்ணே! அதேதான்!”

“இரு இரு, நான் இன்னும் முடிக்கலை” என்றவர், அவளைவிட வேகமாகப் பட்டறைக்கு ஓடினார். தகடுகளைப் பொருத்திய சனிக்கிழமை அட்டைகள் சுருளாமல் தட்டையாக வந்தன. மெக்கானிக் ஒன்றைக் கண்ணாடி மேசையில் வைத்து, கன்னத்தை மேசையோடு ஒட்டிக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. இயந்திரத்தைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்தது நீலத் தண்ணீர்ச் சோதனை. அட்டைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நீலச் சாயம் கலந்த தண்ணீரில் மூழ்கடித்து, காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு காற்றைத் திரும்ப விட்டால், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் சாயம் உள்ளே புகுந்துவிடும். வெள்ளை மாத்திரை நீலமானால் அட்டை தோற்றது. மேடம் தம் கையாலேயே அட்டைகளைக் கழுவித் துடைத்து, கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாகத் திறந்தார். வெள்ளை. வெள்ளை. வெள்ளை. அவசரம் நாற்காலியின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் வெள்ளை!

அன்று மாலை, மருந்தில்லாத வெற்று மாத்திரைகள் அடைத்த அட்டை ஒன்றுடன் வீட்டுக்குள் பாய்ந்தாள். மூட்டுவலியால் விரல்கள் வளைந்த மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, ஒரு மாத்திரையைப் பிதுக்குங்க!”

“எனக்கு இப்ப ஒண்ணும் இல்லையேம்மா.”

“மருந்து இல்லை மாமா, சும்மா. அழுத்துங்க!”

மாமனார் அழுத்தினார். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். மூடி ரப்பர் மாதிரி இழுத்துக்கொடுத்ததே தவிர, கிழியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். ‘டப்’ என்று மாத்திரை தெறித்து, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் கணவரின் மூக்குக்கண்ணாடியில் பட்டு, அலமாரிக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

“அம்மாடி, இதைத் தின்னு கொதிப்பு இறங்கறதுக்குள்ள, திறக்கறதுலயே ஏறிடும் போலிருக்கே!” என்றார் மாமனார்.

கணவர் சிரித்தே விட்டார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் மாமனார் கையிலிருந்து அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரம் உள்ளே போகாத அட்டை. மாத்திரையும் வெளியே வராத அட்டை. கைநடுங்கும் எத்தனை பேர் தனியாக இருக்கும் வீட்டில் இதோடு மல்லுக்கட்டுவார்கள்?

மறுநாள் மேடத்திடம் அதையே சொன்னாள். “நான் சொன்ன மாதிரி நிறுத்திடறேன் மேடம்.”

“யார் நிறுத்தச் சொன்னது? டெஸ்ட்ல தோத்தது மூடி, அடி இல்லையே. தாள் செய்யறவங்ககிட்ட பேசினியா?”

பேசினாள். பேசினாள் என்பதைவிட, தொலைபேசியில் அவர்களைப் படாதபாடு படுத்தினாள் என்பதே சரி. ஒரே பிளாஸ்டிக்தான் வேண்டும், ஆனால் விரல் பட்டால் பொட்டென்று உடைய வேண்டும். அவர்கள் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே மண் வகைப் பொடி ஒன்றைக் கலந்து மூடியை மொறுமொறுப்பாக்கி அனுப்பினார்கள். முதலில் வந்த மூடி, பெட்டியில் அடுக்கும்போதே உடைந்தது. பொடியைக் குறைத்தார்கள். அடுத்தது மறுபடி இழுத்தது. வீட்டின் நிரந்தரப் பரிசோதகர் ஆனார் மாமனார். பூங்காவில் தம்மோடு நடக்க வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாருடைய விரலையும் சோதித்தார். ஒருநாள் அவர் தொழிற்சாலைக்கே தொலைபேசி செய்தார். “அம்மாடி! ஒத்தை விரல்! ஒத்தை விரல்ல திறந்துட்டேன்! எதிர்வீட்டு டீச்சரும் திறந்துட்டாங்க!”

நீலத் தண்ணீர் மறுபடி வந்தது. இந்த முறை கத்திரிக்கோலை மேடம் அவளிடமே நீட்டினார். அவள் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக வெட்டினாள். மெக்கானிக், “சீக்கிரம் தங்கச்சி!” என்று பறந்தார். ஒவ்வொரு குழியிலும் மாத்திரை பால்போல வெள்ளையாக இருந்தது. மெக்கானிக் போட்ட கூச்சலில் அடுத்த பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்தது.

பிறகு காத்திருப்பு. வெப்பமும் ஈரமும் நிறைந்த அறையில் அட்டைகளை மாதக்கணக்கில் வைத்துத் தரம் பார்த்தாக வேண்டும். அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள். “பார்த்தா சீக்கிரம் பழுக்குமா?” என்று மேடம் கேலி செய்வார். மாத்திரைகள் அசைந்து கொடுக்கவில்லை. அனுமதியும் வந்தது.

ஆனால் அவளுக்கு முக்கியமான பரீட்சை இன்னொரு இடத்தில் இருந்தது. இரண்டு பை நிறையக் காலி அட்டைகளோடு கணவரின் நிலையத்துக்குப் போனாள். மேடமும் மெக்கானிக்கும் கூடவே வந்தார்கள். ஒரு பையைக் குப்பையோடு கலந்து கொட்டினார்கள். பிளாஸ்டிக் வகைகளை ஒளி பாய்ச்சிக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தின் அருகே எல்லாரும் காத்து நின்றார்கள். ஓர் அட்டைகூட வரவில்லை.

கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஆரம்பத்துல சுத்தற உருளையில ஓட்டை இருக்கில்ல? சின்னச் சாமானெல்லாம் மண்ணோட சேர்ந்து அங்கேயே கீழ விழுந்துடும். உன் அட்டையும் விழுந்துடுச்சு.”

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். “இரும்மா, நான் சொல்லி முடிச்சுடறேன். குறுக்கே பேசாதே. குப்பையோட வந்தாத்தான் விழும். மருந்துக் கடையில ஒரு பெட்டி வச்சு அட்டையை மட்டும் சேர்த்தா, உருளைக்குப் போகாம நேரா இந்தப் பட்டையில நானே கொட்டிக்கறேன். மேலதிகாரிகிட்ட போன மாசமே கேட்டுட்டேன். சரின்னுட்டார்.”

“போன மாசமேவா?” 

“நீ சும்மா விடமாட்டேன்னு தெரியும்.”

கையிருப்பில் இருந்த இன்னொரு பையை நேராகப் பட்டையில் கொட்டினார். அட்டைகள் பரவி ஓடின. ஒளிக்கீற்றுக்கு அடியில் போன முதல் அட்டையை ‘புஸ்’ஸென்று காற்று ஊதியது. அது மீன்போலத் துள்ளி, சாப்பாட்டு டப்பாக்கள் விழும் பெட்டியில் போய் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு புஸ் புஸ்ஸென்று மழைபோல! அவள் மேடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். மேடத்தின் மஞ்சள் தொப்பி கழன்று உருண்டது. மெக்கானிக் அந்த இயந்திரத்தின் பக்கவாட்டை மரியாதையோடு தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மாத்திரை புதிய அட்டையில்தான் விற்பனைக்கு வருகிறது. ஈரம் பட்டால் கெடும் மாத்திரைகளுக்கு இது ஒத்துவரவில்லை. அதை அவளே முதல் ஆளாகச் சொல்லிவிட்டாள். அவற்றுக்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறாள். உருக்கிய பிளாஸ்டிக் மறுபடி மருந்தைத் தொடக்கூடாது என்பதால் அது வாளியாகவும் பூந்தொட்டியாகவும் போகிறது.

தெருமுனை மருந்துக் கடையில் வைத்த பெட்டிக்கு மாமனார் தாமாகவே காவல் ஏற்றுக்கொண்டார். யாரும் கேட்காமலே விளக்கம் சொல்கிறார். போன வாரம் ஒருவர் பழைய பேட்டரியைப் போடப் போக, “ஐயா, இது என்ன குப்பைத்தொட்டியா?” என்று அவர் போட்ட சத்தத்தில், கடைக்காரர் கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்.